ஐந்து டாலருக்கு சூப்பும் ஒரு ஓட்டும்

ட்ராய், மிச்சிகனிலிருந்து:

ஊர்க்காரர்கள் கூடிச் சாப்பிட்டு, யாராவது ஒருவரின் சின்னத் திட்டத்துக்குப் பணம் திரட்டித் தரும் கூட்டம் டெட்ராய்ட் சூப். அதற்கு என்னை இழுத்துக்கொண்டு போனவர் கூட வேலை பார்த்த அமெரிக்கர். 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகரமே திவால் மனு கொடுத்திருந்தது, அதற்கு அடுத்த வருடம். புறநகரில் இருக்கும் நம்மவர்கள் ஊருக்குள் போவதே அபூர்வம், நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது வாசலில் ஐந்து டாலர் கொடுத்தால் சூப், சாலட், ரொட்டி, கூடவே ஒரு ஓட்டு. நான்கு பேர் தங்கள் திட்டத்தைச் சொல்வார்கள். ஆளுக்கு நான்கு நிமிடம், கூட்டத்திலிருந்து நான்கு கேள்வி. அப்புறம் எல்லோரும் சாப்பிட்டபடியே பேசி ஓட்டுப் போடுவார்கள். வாசலில் சேர்ந்த பணம் அன்றிரவே ஜெயித்தவர் கைக்குப் போய்விடும். 2010-ல் தொடங்கியது இது. சிகாகோவில் கலைஞர்கள் அதற்கு முன்பே நடத்திவந்த ‘சண்டே சூப்’தான் முன்மாதிரி.

எங்கள் மேஜையில் இருந்த ஒரு வயதான அம்மா, தன் தெருவில் காலியாகக் கிடந்த மனையில் காய்கறித் தோட்டம் போடப் பணம் கேட்டார். பாவம், பேச்சு வரவில்லை, சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. அடுத்து வந்த இளைஞர் வெளுத்து வாங்கினார், ஜெயித்தும்விட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் கதைதான், இந்த முறையில் எனக்குள்ள குறையும் அதுதான். ஆனால் ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் எதிரில் இருந்தவர் தன் டில்லரைக் கொண்டுவந்து உழுது தருவதாகச் சொல்லிவிட்டார். இன்னொருவர் ஒரு லோடு மண் தருவதாக ஏற்றுக்கொண்டார். ஜெயித்திருந்தாலும் கிடைத்திருக்கப்போவது சில நூறு டாலர்தான்.

எனக்குப் பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்து ஞாபகம் வந்தது. அங்கே நோட்டில் ஏறிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். இங்கே யாரும் யாருக்கும் கடன்காரர் இல்லை.

பாஸ்டனிலிருந்து:

சார், கூட்டத்தின் ஓட்டு இல்லாத இடத்திலும் பணம் யாருக்கு என்ற சண்டை உண்டு. 2009-ல் எங்கள் ஊரில் தொடங்கிய ஆசம் ஃபவுண்டேஷனில் பத்துப் பேர் மாதாமாதம் ஆளுக்கு 100 டாலர் சொந்தப் பையிலிருந்து போட்டு, யாராவது ஒருவருக்கு 1,000 டாலர் கொடுப்பார்கள். பதிவுபெற்ற அமைப்பாக இருக்க வேண்டியதில்லை, தனி ஆளே கேட்கலாம். கொடுத்தபின் அதில் பங்கோ உரிமையோ கேட்பதில்லை. முதல் பணம் போனது ஒரு ராட்சத வலை ஊஞ்சலுக்கு!

அதன் வேறொரு ஊர்க் கிளையில் நானும் சில காலம் இருந்தேன். ஒரு பக்கம் ஏழைப் பிள்ளைகளுக்குக் குளிர்கால கோட்டு, மறுபக்கம் பூங்காவில் யார் வேண்டுமானாலும் வாசிக்க ஒரு பியானோ. “கோட்டு கொடுக்க வேறு ஆள் இருக்கிறார்கள், பியானோவுக்கு யார் இருக்கிறார்கள்?” என்பார்கள் கூட இருந்த சிலர். வாதம் சரிதான், ஆனாலும் என் கை கோட்டுக்குத்தான் உயரும்.

அது இருக்கட்டும், அந்த அம்மாவின் தோட்டம் என்ன ஆச்சு?

மறுபடியும் ட்ராய்:

டில்லரும் வந்தது, மண்ணும் வந்தது. தண்ணீர்தான் வரவில்லை. பில் கட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நகரம் தண்ணீரை நிறுத்திக்கொண்டிருந்த வருடம் அது. பக்கத்து வீட்டுக் குழாயைக் கேட்டால், பில்லை யார் கட்டுவது? இப்படிச் சின்னதாகக் கொடுக்கும் பணம் தொடங்குவதற்கு உதவும், மாதாமாதம் வரும் செலவுக்கு உதவாது. அந்த அம்மா இன்னொரு சூப்பில் மழைநீர் பிடிக்கப் பீப்பாய் வேண்டும் என்று கேட்டார். அதிலும் தோற்றார், பீப்பாயை மட்டும் யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள்.