குன்றுப் பகுதியில் 80 கிலோமீட்டர்: பாதை போட உதவுங்கள்

வணக்கம். சமதளத்தில் ரோடு பைக்கில் (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) 80 கிலோமீட்டர் பெரிய சிரமம் இல்லாமல் போய்விடுவேன். இப்போது குன்றுகள் நிறைந்த கிராமச் சாலைகளில் அதே தூரத்துக்கு ஒரு சுற்றுப்பாதை போட்டிருக்கிறேன். மொத்த ஏற்றம் 1,200 மீட்டர் என்று செயலி காட்டுகிறது.

குழப்பமே ஏற்றத்தின் சராசரிச் சரிவுக் கணக்கில்தான். 5 கிலோமீட்டரில் 250 மீட்டர் ஏறினால் சராசரி 5 சதவீதம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போன முறை இதை நம்பிப் போன ஏற்றத்தில் முதல் பாதி கிட்டத்தட்ட தட்டை, மிச்சமெல்லாம் சுவர். கடைசி அரை கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன் (ஷூவை பெடலோடு பூட்டும் கிளீட் தேய்ந்தது தனிச் சோகம்). இப்படி ஒளிந்திருக்கும் செங்குத்துத் துண்டுகளை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? வரைபடத்தில் உயரக்கோடுகள் நெருங்கும் இடங்களைப் பார்த்தால் போதுமா?

அப்புறம் கியர். முன்பக்கப் பல்சக்கரங்களில் 50, 34 பற்கள் (50/34); பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பில் 11 முதல் 28 பற்கள் வரை (11-28). ஆக இலகுவான கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு 9 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகம் எனக்கு முடியாது. 11-34 போட்டால் அதே மிதிக்கு ஏழரைதான் வரும். அதற்குச் சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றித் தரும் பின்பக்க டீரெய்லரையும் மாற்ற வேண்டியிருக்குமா?

இன்னொன்று: குறுகலான செங்குத்துச் சாலையில் ஏறி, அகலமான சாலையில் இறங்குவதுதான் நல்லது என்று தோன்றுகிறது. என்னுடையது ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை). வளைவில் சரளைக்கல் கிடந்தால் பயம். நீங்கள் சுற்றும் திசையை எப்படி முடிவு செய்கிறீர்கள்?