கலைச்சொல் விவாதம்: இன்கிரிமெண்டல், டிஃபரன்ஷியல் பேக்கப்

அனைவருக்கும் வணக்கம்.

பேக்கப் வழிகாட்டியைத் தமிழில் எழுதும்போது இரண்டு சொற்கள் இடறுகின்றன. ஃபுல் பேக்கப்புக்கு 'முழுக்காப்பு' போதும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் 'அதிகரிப்புக் காப்பு', 'வேறுபாட்டுக் காப்பு' என்ற நேர்பெயர்ப்புகள் பயனரைக் குழப்பிவிடும்.

ஞாயிறு இரவு 200 ஜிபி முழுக்காப்பு எடுக்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 2 ஜிபி புதுக் கோப்புகள் சேர்கின்றன என்று வையுங்கள். இன்கிரிமெண்டலில் முந்தைய இரவுக்குப் பின் மாறியது மட்டுமே நகலாகும்: தினம் 2, மொத்தம் 10 ஜிபி. டிஃபரன்ஷியலில் ஞாயிறுக்குப் பின் மாறிய அனைத்தும் ஒவ்வோர் இரவும் மறுபடி நகலாகும்: 2, 4, 6, 8, 10 என்று மொத்தம் 30 ஜிபி. நாளுக்கு நாள் அதிகரிப்பது டிஃபரன்ஷியல்தான்! பெயரோ மற்றதற்குப் போய்விட்டது.

சனிக்கிழமை வட்டு பழுதானால் இன்கிரிமெண்டலில் முழுக்காப்பும் ஐந்து துண்டுகளும் வரிசைப்படி வேண்டும். புதன் துண்டு கெட்டிருந்தால் செவ்வாய் வரைதான் நம்பி மீட்கலாம். டிஃபரன்ஷியலில் ஞாயிறும் வெள்ளியும் இருந்தால் போதும்.

என் பரிந்துரை:
இன்கிரிமெண்டல் – தொடர்காப்பு
டிஃபரன்ஷியல் – திரள்காப்பு

மறுமொழி:

> இன்கிரிமெண்டல் – தொடர்காப்பு

திரள்காப்பு கச்சிதம். 'தொடர்காப்பு' மட்டும் வேண்டாம் ஐயா. கோப்பு மாறியவுடனே இடைவிடாமல் நகலெடுக்கும் முறை ஒன்று தனியாக உண்டு. 'தொடர்' என்றதும் படிப்பவருக்கு அதுதான் தோன்றும். சங்கிலியின் கண்ணிகள்போல் ஒன்றையொன்று சார்ந்திருப்பது தெரியும்படி 'கண்ணிக்காப்பு' எனலாம்.

அந்தச் சொல் பழையதை நீக்கும் விதியையும் விளக்க உதவும். இடம் போதவில்லை என்று பழைய முழுக்காப்பை மட்டும் அழித்தால், அதைச் சார்ந்த கண்ணிகள் அனைத்தும் வீண். புதிய முழுக்காப்பு முடிந்து, சரிபார்த்த பிறகே பழைய சங்கிலியை மொத்தமாக நீக்க வேண்டும். உங்கள் கணக்கில் சங்கிலிக்கு 210 ஜிபி, இரண்டுக்கு 420. 500 ஜிபி வட்டு விரைவில் நிரம்பிவிடும், 1 டிபி என்றே எழுதுங்கள்.

ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் மென்பொருள்களுக்குக் கண்ணிக்காப்பு என்று எழுதிவிடாதீர்கள். அவற்றில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் (குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) தனித்தே மீட்கக்கூடியது. பழையதை நீக்கினாலும் புதியதற்குச் சேதமில்லை. அதற்குக் 'கணநிலை' என்று தனிச்சொல் இருக்கட்டும். ஒரே தரவுத்துண்டு ஒருமுறைதான் சேமிக்கப்படுவதால், அது கெட்டால் அதைப் பயன்படுத்தும் எல்லாக் கணநிலைகளிலும் அந்தத் துண்டு உள்ள கோப்பு போய்விடும். ஆகவே வேறொரு வட்டில் இரண்டாம் நகல் கட்டாயம். அந்த வட்டை நகலெடுக்கும் நேரம் தவிரக் கழற்றியே வைக்க வேண்டும். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மறுமொழி:

கண்ணிக்காப்பு, கணநிலை இரண்டையும் ஏற்கிறேன்.

கூடவே இன்னொரு சொல்லும் தேவை. வெரிஃபை, டெஸ்ட் ரீஸ்டோர் இரண்டையும் 'சரிபார்ப்பு' என்றே எழுதி வருகிறோம். முதலாவது, சேமித்த தரவு சிதையாமல் இருக்கிறதா என்று செக்சம் (தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) கொண்டு ஒப்பிடுவது. தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்பை அப்படியே நகலெடுத்தால், நகல் அரைகுறையாக இருந்தும் செக்சம் ஒத்துப்போகும். திறக்கும்போதுதான் பிழை தெரியும். (தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தைத் தனிக் கோப்பாக எழுதும் டம்ப் எடுத்து அதை நகலெடுப்பதே முறை.) எனவே வேறொரு கோப்புறையில் மீட்டு, கோப்புகளைத் திறந்தே பார்க்கும் வேலைக்கு 'மீட்பு ஒத்திகை' என்று பெயரிடலாம். மாதம் ஒருமுறை, நேற்றைய நகலிலிருந்து ஒரு கோப்பையும் மூன்று மாதத்துக்கு முந்தையதிலிருந்து ஒரு கோப்பையும் மீட்க வேண்டும். மறையாக்கக் கடவுச்சொல்லை அந்தக் கணினியைத் தொடாமல், வெளியே எழுதிவைத்த தாளிலிருந்து உள்ளிட்டுப் பார்ப்பதும் ஒத்திகையில் அடக்கம்.