குடல் கட்டி, புரதச் சாயம்: கண்ணை விட்டுப் போகாத ஸ்லைட் எது?

உவர்மலை:
வலப்பக்கப் பெருங்குடல் கட்டி. நாலு எம்.எம்.ஆர். (டி.என்.ஏ. பிழை திருத்தும் புரதங்கள்) சாயமும் போட்டாச்சு: புரதம் இருந்தால் கபிலம், இல்லையெண்டால் நீலம். அந்த நாலில் ஒண்டான எம்.எல்.எச்.1 ஸ்லைட்டில் ஓரம் கபிலம், நடு முழுக்க வெறும் நீலம். 'புரதம் இல்லை' என்று எழுதப் பேனா போற இடம். ஆனா நடுவில் கட்டிக் கலங்களுக்கிடையே கிடந்த லிம்போசைட்டுகளும் (நல்ல வெள்ளைக் குருதிக் கலங்கள்) நீலம்! அதுகளில் இந்தப் புரதம் இருந்தே ஆகணும். அப்போ அங்கே சாயமே பிடிக்கேல்லை. குடலைத் திறக்காமல் முழுசா வாளிக்குள் அமுக்கியிருக்காங்க. போர்மலின் மணிக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர்தான் உள்ளே இறங்கும். திருமலை வெக்கையில் அதுக்குள்ளே நடு இழையம் கெட்டுப்போகும். ஓரத்துப் பிளொக்கில் (மெழுகில் பதிச்ச இழையத் துண்டு) திருப்பிப் போட, நாலும் கபிலம்.

கிண்ணியா:
எனக்கு ஒரு கே.ஐ.67 ரிப்போட், பிரியிற கலங்கள் எத்தனை வீதம் என்று காட்டுறது. 80 வீதம். வீட்டாக்கள் அதைப் பார்த்தே உடைஞ்சிட்டாங்க. அதே கட்டியில் எம்.எம்.ஆர். புரதங்களில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 ரெண்டும் இல்லை (லிம்போசைட் நல்ல கபிலம்), 2ஆம் நிலை, நிணநீர்க் கணுக்கள் சுத்தம். இந்த வகை வேகமாப் பிரியும், ஆனாலும் திரும்பி வாறது குறைவு. மார்புப் புற்றுநோய்க் கணக்கைக் குடலுக்குப் போடக்கூடாது. தம்பி உவர்மலை, 'இல்லை' என்ற முடிவு எப்பவும் கெட்ட சேதி இல்லை.

உப்புவெளி:
நானா, அதை 2ஆம் நிலையோட நிப்பாட்டுங்க. பரவின பிறகு அந்த ஆறுதல் செல்லாது. அங்கே அந்த முடிவின் பெறுமதி இம்யூனோதெரபி பொருந்துமா என்று காட்டுறதில். மற்றது, தம்பி ஆபத்தா சொன்னது 'இல்லை' என்பதை இல்லை, பொய் 'இல்லை'யை.
எனக்கு நிக்கிறது கட்டியின் முன்விளிம்பு. அழற்சிக் கலங்களுக்குள் ஒண்டும் தெரியேல்லை. கட்டிக் கலங்களை மட்டும் எடுத்துக்காட்டுற சைற்றோகெரற்றின் சாயம் போட்டதும் ஒண்டு, ரெண்டு கலமாப் பிரிஞ்சு எங்கும் மொட்டுகள். ஆனா எண்ணிக்கையை அந்த ஸ்லைட்டில் எடுக்காதீங்க, கூடக் காட்டும். 0.785 சதுர மில்லிமீற்றரில் 10 மொட்டு அல்லது அதுக்கு மேல் என்றால் உயர் தரம் என்ற அளவு, வழமையான எச்.இ. (ஹீமற்றொக்சிலின்-இயோசின்) சாயத்துக்கு வகுத்தது.

நிலாவெளி:
மலக்குடல், கதிரும் மருந்தும் குடுத்த பிறகு வெட்டினது. நாலில் இன்னொண்டான எம்.எஸ்.எச்.6 கருவுக்குள் புள்ளி புள்ளியா மட்டும். சிகிச்சைக்கு முந்தின பயொப்சியில் நிறைவா இருந்தது, அப்போ இது சிகிச்சை செய்த வேலை.
தியேட்டர் ஆக்களுக்கு இதைச் சொல்லுங்க. வெட்டி எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் போர்மலினில் இருக்கணும். பெருங்குடலை இடைமடிப்புக்கு (குடலைத் தாங்குற மடிப்பு) எதிர்ப்பக்கமாத் திறந்து, மலம் கழுவி, கோர்க் பலகையில் ஊசி குத்தி, இழையத்தைப் போல 10 மடங்கு போர்மலின், 10 வீத பஃபர் போட்டது. மலக்குடலில் கட்டி இருக்கிற துண்டைத் திறக்காதீங்க, வெளி ஓரம் குலைஞ்சா கட்டிக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரம் அளக்கேலாது; போர்மலினில் நனைச்ச காஸ் துணியை உள்ளே விடுங்க. சாயத்துக்குப் பிளொக் தெரிவுசெய்யும்போது கட்டியோட நல்ல சளிப்படலமும் சேர்ந்த துண்டாப் பாருங்க. கொழும்புக்குப் பிளொக்கையே அனுப்புங்க, வெட்டி வைச்ச ஸ்லைட்டில் நாள் போகச் சாயம் மங்கும். பஸ்ஸில் வெயில் படுற ஜன்னலோரம் வைக்கவேணாம், மெழுகு இளகும். கூட அனுப்புற தாளில் கதிர் குடுத்ததா, போர்மலினில் எத்தனை மணித்தியாலம் கிடந்தது, ரெண்டும் எழுதுங்க.