கதவடியில் 5 மில்லிமீற்றர்

உப்புவெளியிலிருந்து:

வீட்டு நிலத்தில் மட்டம் பிசகிப் பட்ட பாட்டை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என் கதை பாதி திருகோணமலை உப்புவெளியிலும் பாதி ஜெர்மனியிலும் நடந்தது.

அப்பா முப்பது வருசத்துக்கு மேல் மேசன் வேலை செய்தவர். இப்போது முழங்கால் விடாது, வீட்டோடுதான் இருக்கிறார். அண்ணா ஜெர்மனியில் ஒரு பழைய வீட்டை வாங்கி, நிலத்தைக் கிளப்பி, அடியில் சுடுநீர்க் குழாய் போட்டார். நத்தை ஓட்டுச் சுருள் மாதிரி அறை முழுக்கக் குழாய் சுற்றிக் கிடப்பதை வட்ஸ்அப்பில் காட்டியபோது அப்பா சிரித்தார். "கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் வீட்டுக்குள்ளே கொண்டு வந்திட்டான்!"

அடியில் சூடு இறங்காமல் தடுக்கும் பலகை, அதன்மேல் குழாய், குழாய்க்கு மேல் நாலரை சென்ரிமீற்றர் சீமெந்துக் கலவை. வீடு முழுக்க ஒரே மட்டமாக ஊற்றிவிட்டுப் போனார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மேலே என்ன வரப்போகிறது என்று ஊற்ற வந்தவர்களும் கேட்கவில்லை, அண்ணாவும் சொல்லவில்லை.

குசினிக்கும் நடைக்கும் டைல்ஸ்: கல் 10 மில்லிமீற்றர், பசை 5, மொத்தம் 15. படுக்கை அறைகளுக்கு லமினேட்: பலகை 8, அடியில் விரிப்பு 2, மொத்தம் 10. ஆக ஒவ்வொரு கதவடியிலும் 5 மில்லிமீற்றர் படி. அரை சென்ரிமீற்றர்தானே என்று நினைக்கலாம். பெரிய படியென்றால் கண்ணுக்குத் தெரியும், காலைத் தூக்கி வைப்போம். இது தெரியாது. பெருவிரலை உடைப்பது இந்த மாதிரிப் படிதான்.

அப்பா உடனே, "உயர்ந்த பக்கத்தைக் கொத்திப் பதிச்சு விடு" என்றார்.

"கொத்தினால் குழாயப்பா."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. உளி இல்லாமல் யோசிக்க வேண்டிய வேலை அவருக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அண்ணா வேறு வழி சொன்னார்: அறைகளில் லமினேட்டுக்குக் கீழே 5 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. "அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவிலே பலகை வைப்பியா?" என்று அப்பா கேட்டார். சரியான கேள்வி. ஒட்டுப்பலகை சீமெந்தைவிட எட்டுப் பத்து மடங்கு சூட்டை மறிக்கும். ஏற்கெனவே லமினேட்டும் விரிப்பும் கொஞ்சம் மறிக்கின்றன. இன்னொன்றையும் செருகினால் அறை சூடேற நேரம் எடுக்கும், தண்ணீரையும் கூடுதலாகச் சூடாக்க வேண்டிவரும்.

கடைசியில் செய்தது, அறைகளில் தானாகவே பரவி மட்டமாகும் சீமெந்துக் கலவையை 5 மில்லிமீற்றர் ஊற்றியது. அது சீமெந்துதான், சூட்டை அவ்வளவாக மறிக்காது. ஊற்றும்போது சூடாக்கியை நிறுத்தி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பரவுவதற்கு முன்பே இறுகிவிடும். அதற்கும் முன்பு, அடியில் இருந்த பெரிய கலவை 21 நாள் ஆறியபின் முதலில் குழாய்த் தண்ணீரை 25 பாகையில் 3 நாள், பிறகு உச்சச் சூட்டில் 4 நாள் ஓடவிட்டுப் பார்த்தார்களாம். அப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை. நாங்கள் சீமெந்துக்கு ஈரச்சாக்குப் போட்டு ஏழு நாள் தண்ணீர் ஊற்றுவோம், அவன் வறுக்கிறான் என்று இரண்டு நாள் புலம்பினார்.

இரண்டு நிலமும் சந்திக்கும் கோடு எங்கே வரவேண்டும் என்பதை மட்டும் அப்பாதான் தீர்மானித்தார். மூடிய கதவுக்கு நேர் கீழே. "கதவை மூடினா அந்தப் பக்கத்து நிலம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது."

இன்னொன்று. ஜெர்மனியில் கட்டட வேலைக்காரர், முடிந்த நிலத்திலிருந்து சரியாக ஒரு மீற்றர் உயரத்தில் சுவரில் கோடு போட்டு, எல்லாவற்றையும் அதிலிருந்து கீழே அளப்பார்களாம். அப்பாவும் ரியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, சுவரில் நூல் அடித்து அதைத்தான் செய்தார். மேலே இருந்து கீழே எண்ணுவது. அண்ணாவின் வீட்டிலும் கோடு இருந்ததாம். அதிலிருந்து எண்ணத்தான் ஆளில்லை.

சாம்பல்தீவு, இப்போது ஒஸ்லோவில்:

தம்பி, இரண்டு நிலமும் சந்திக்கும் கோட்டை மூடும் கதவடிப் பட்டியைப் பற்றி எழுதவில்லையே? அதில்தான் நான் அகப்பட்டேன்.

இங்கே குளியலறை நிலத்தில் மின்கம்பி போட்டுச் சூடாக்குவது சாதாரணம். நான் டைல்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாசலில் பட்டி ஒன்றைத் திருகாணி போட்டு இறுக்கச் சொன்னார்கள். ஊரில் எத்தனை நிலத்தில் துளை போட்டிருப்பேன், அதே கையால் போட்டேன். பின்னேரம் மின்வேலைக்காரர் வந்து அளந்தால் கம்பி செத்துக் கிடக்கிறது. துளை சரியாக அதன்மேல். மூன்று டைல்ஸைக் கிளப்பிக் கம்பியைப் பொருத்தினோம். அந்த மாதம் முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

சூடு ஓடும் நிலத்தில் பட்டியை ஒட்டத்தான் வேண்டும். லமினேட்டின் ஓரத்தில் 8, 10 மில்லிமீற்றர் வெளி விட்டு, பட்டி அந்த வெளியை மூடினால் போதும். பலகை சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் அசையும். அதை இறுக்கிப் பிடித்தால் நடுவில் கூடாரம் போட்டுவிடும்.

டைக் வீதிப் பக்கத்திலிருந்து:

எங்களுக்குச் சூடாக்கத் தேவையில்லை, வைகாசி வெயில் இலவசம். ஆனால் மட்டப் பிரச்சினை இங்கேயும் உண்டு.

அம்மம்மாவின் வீட்டில் முன்னறை நிலம் பழைய சிவப்புச் சீமெந்து. கண்ணாடி மாதிரி மினுங்கும். மாமா அதை உடைக்க மனமில்லாமல் மேலேயே டைல்ஸ் ஒட்டினார். நிலம் முக்கால் அங்குலம் உயர்ந்தது. முன்கதவு தேக்கு, திறக்க மறுத்தது. ஓடாவியைக் கூப்பிட்டுக் கதவின் அடியைச் சீவினோம். சாமியறைப் பக்கம் சிவப்புச் சீமெந்து அப்படியே விடப்பட்டதால் அங்கே ஒரு இறக்கம். அம்மம்மா விளக்கு வைக்கப் போகும்போதெல்லாம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்.

அது தெரிந்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்து, விறாந்தையையும் உயர்த்தினேன். கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை சாய்த்து அடித்தது. விறாந்தைத் தண்ணீர் ஹோலுக்குள் விறுவிறு என்று வந்துவிட்டது. பழைய ஆட்கள் விறாந்தையைத் தாழ்த்தியே வைத்தது இதற்குத்தான். இப்போது மாரி வந்தால் வாசலில் சாக்குச் சுருட்டி வைக்கிறோம்.

அது சரி, ஜெர்மனியில் கடைசியில் மட்டம் வந்ததா?

உப்புவெளியிலிருந்து:

வந்தது. ஆனால் அப்பா நம்பவில்லை. வழக்கமாகப் பெருவிரல் நகத்தால் தடவித்தான் பார்ப்பார், வட்ஸ்அப்பில் அதற்கு வழியில்லையே. இரண்டு யூரோ காசு ஒன்றைக் கோட்டுக்குக் குறுக்கே உருட்டச் சொன்னார். அண்ணா போனை நிலத்தோடு வைத்துக்கொண்டு உருட்டினார். காசு டைல்ஸில் கலகலவென்று ஓடி, பட்டியில் ஏறி, லமினேட்டுக்கு இறங்கும்போது சின்னதாக ஒரு 'டிக்'.

"பட்டி ஒரு மில்லி உயர்ந்து நிற்குது" என்றார் அப்பா.

அண்ணா அளந்து பார்த்தார். ஒன்றரை.