ஓடாத சிபியூ யாரிடமாவது இருக்குங்களா?

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் பி.எட். படிக்கிறேன். பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தியதே தவிர, திரையில் ஒன்றும் வரவில்லை. ராம் (RAM) என்ற நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளை ஒரு பையனின் ரப்பரால் தேய்த்து மாட்டினேன், ஓடிவிட்டது! ஆனால் மெயின் சுவிட்சை அணைத்தால் தேதி பின்னுக்குப் போய்விடுகிறது. மதர்போர்டில், அதாவது உள்ளே இருக்கும் முதன்மைச் சர்க்யூட் பலகையில், உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும், சரிதானுங்களா?

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சிபியூவைத் திறந்தே பார்த்ததில்லை. எல்லாம் படத்தில்தான். பிரித்துப் பழக, ஓடாத மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் எது இருந்தாலும் கொடுங்க. பவர் சப்ளையை மட்டும் பிரிக்க மாட்டோம், கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பது தெரியும். ஈரோடோ கோவையோ, நானே வண்டியில் வந்து எடுத்துக்கொள்கிறேனுங்க.