ரத்தக் கொழுப்பு அமிலமும் கணையப் புற்றுநோயும்: மீன் எண்ணெய் மாத்திரை காப்பாற்றுமா?

மழைக்குருவி:
சித்தப்பா கணையப் புற்றுநோயில் போன பிறகு இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். ஆரோக்கியமாக இருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து யாருக்கு நோய் வந்தது என்று பார்த்த சில ஆய்வுகளில், பால்மிடிக் மாதிரி நிறைவுற்ற கொழுப்பு அமிலம் கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் அதிகம், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலம் கூடுதலாக இருந்தவர்களுக்குக் குறைவு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிய கணக்கில்லை இது, ரத்தத்திலேயே அளந்தது. கொழுப்பைக் குறைத்து மீன் எண்ணெய் மாத்திரை எடுப்பதுதானே புத்தி?

ஒற்றைப்பனை:
சித்தப்பா போனதற்கு வருத்தங்கள். ஆனால் ரத்தத்தில் இருப்பதெல்லாம் தட்டிலிருந்து வந்ததில்லை. சர்க்கரையும் மாவுச்சத்தும் மிஞ்சினால் கல்லீரலே பால்மிடிக் அமிலத்தைத் தயாரித்துவிடும். அதனால் அந்த அளவு கூடியிருப்பது உடல் பருமனையோ, சர்க்கரை நோயை நோக்கிப் போகும் உடலையோ காட்டலாம், இரண்டுமே கணையப் புற்றுநோய்க்குத் தெரிந்த காரணிகள்தான். இன்னொன்று, இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மொத்தக் கொழுப்பு அமிலத்தில் எத்தனை சதவீதம் என்றுதான் சொல்கின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும். அப்புறம் எது குற்றவாளி, எது பக்கத்தில் நின்றது?

மழைக்குருவி:
சரி, பால்மிடிக்கை விடுங்கள். ஒமேகா-3 வகையான இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் முக்கால்வாசி உணவிலிருந்து வருபவை. சிவப்பணு 120 நாள் வாழ்கிறது, அதன் சவ்வில் அளந்தால் சில மாத உணவு தெரிந்துவிடும்.

ஆய்வுப்பூனை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். புற்றுக்கட்டியே ரத்த அளவைக் குழப்பும் என்பதை இருவருமே சொல்லவில்லை. கணையம் கெட்டால், அது சுரக்கும் கொழுப்பைச் செரிக்கும் நொதியான லைபேஸ் குறைந்து கொழுப்பு சரியாகச் செரிக்காது, எடை இறங்கும், திடீரென்று சர்க்கரை நோய் வரும். ரத்தம் கொடுத்த முதல் இரண்டு வருடத்தில் நோய் தெரிந்தவர்களை ஆய்வாளர்கள் கழித்துவிடுவது இதற்காகத்தான். அது போதுமா என்பது வேறு கேள்வி, ஏனென்றால் முதல் மரபணுப் பிழையிலிருந்து புற்றுநோயாக உருவெடுக்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது என்று 2010இல் நேச்சர் இதழில் ஒரு கணக்கு வந்தது.

மழைக்குருவி:
பத்து வருடமும் உடலைக் குழப்பிக்கொண்டா இருக்கும்? எடையும் சர்க்கரையும் மாறுவது பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று வருடத்தில்தானே.

ஒற்றைப்பனை:
நியாயமான கேள்வி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாத்திரைக்கு நேரடிச் சோதனையே நடந்திருக்கிறது. வைட்டல் என்ற ஆய்வு, 25,871 பேர், தினம் 1 கிராம் ஒமேகா-3 அல்லது வெற்று மாத்திரை, சுமார் ஐந்து வருடம். 2018இல் முடிவு வந்தது. மொத்தப் புற்றுநோய் குறையவில்லை.

மழைக்குருவி:
பத்து வருடம் வளரும் நோய்க்கு ஐந்து வருடச் சோதனையா! உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் பேருக்கு வரும் நோய், 25,000 பேரில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? அதை வைத்துக் கணையத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

ஒற்றைப்பனை:
முடியாதுதான். குறைக்கும் என்றும் சொல்ல முடியாது. சிகரெட் ஆபத்தைச் சுமார் இரண்டு மடங்காக்கும் என்பதைத் தயங்காமல் சொல்லலாம். சித்தப்பா பிடிப்பாரா?

மழைக்குருவி:
நாற்பது வருடம். மாத்திரையை நான் நிறுத்தப்போவதில்லை. ஆனால் சிகரெட் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்துதான் முதலிலேயே சொல்லவில்லை.