வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் கடலோரத் தெரு: பார்த்ததை, கேட்டதை எழுதுங்கள்

குருசுக்குப்பத்தான்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் காந்தி சிலை, 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், தெற்கு முனையில் டூப்ளே சிலை என்று நடந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். கடற்கரைச் சாலையின் வடக்கு முனையில், பழைய சாராய ஆலையைத் தாண்டி வருகிற எங்கள் தெருப்பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் வீடுகள். எதிர்ப்பக்கம் கருங்கல் குவியல், அதற்கப்பால் கடல். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே போகும். கல் மட்டும் கூடவே வரும்.

இந்தத் தெருவுக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது, அதை யாரும் எழுதி வைக்கவில்லை. இங்கே நீங்கள் சந்தித்தவர்கள், அவர்கள் சொன்னது, உங்கள் கண்ணில் பட்டது, எதுவானாலும் எழுதுங்கள்.

என்னிடமிருந்து தொடங்குகிறேன். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், கல்மேல் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பெரியப்பா, உங்க வீடு எது?" என்று கேட்டேன். தெருவைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஊசியால் கடலைக் காட்டினார். "அதோ அலை ஒடையுது பாரு, அங்கதான் எங்க ஊட்டுக் கொல்ல. அதுக்கு அந்தாண்ட கட்டுமரம் ஏத்தி வைப்போம். அதுக்கும் அந்தாண்டதான் தண்ணி."

அவர் காட்டிய இடத்தில் படகு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி வலையைப் பொத்தத் தொடங்கிவிட்டார். நான்தான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்ததிலிருந்து இங்கே கல்தான். எனக்கு மணலே தெரியாது.

வைத்திக்குப்பம் பேத்தி

அண்ணா, எங்கள் ஆயா இருந்திருந்தால் இதற்கு விடிய விடிய பதில் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

ஆயா கல்யாணமாகி வந்தபோது இங்கே தெரு என்று ஒன்று கிடையாதாம். கூரை வீடுகள், இடையிடையே தென்னை, வாசலைத் தாண்டினால் மணல். கரைவலை இழுக்கிற அன்றைக்கு ஊரே கடற்கரையில் நிற்கும். ஆண்கள் இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்து, ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். வலை கரையேறுவதற்குள் பெண்கள் கூடையோடு வந்துவிடுவார்கள். நெத்திலியும் காரப்பொடியும் கொட்டிக் கிடக்கும். கயிறு பிடித்த யாருக்கும் பங்கு உண்டு, புருஷன் இல்லாத பெண்ணுக்கும் ஒரு பங்கு தனியாக எடுத்து வைப்பார்களாம். ஆயாவின் அம்மாவை அந்தப் பங்குதான் காப்பாற்றியது.

கரைவலை இழுக்க அகலமான மணல் வேண்டும். கல்மேல் நின்று இழுக்க முடியாது. மணல் போனது, வலை போனது, அந்தப் பங்கும் போனது. இதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

கருவாடும் அப்படித்தான். நல்ல சுடுமணலில் காய்ந்த கருவாட்டுக்குத் தனி ருசி என்பார் ஆயா. பிறகு சாலை ஓரத்தில் சாக்கு விரித்துக் காயவைத்தார்கள். ஸ்கூட்டர் ஏறும், நாய் இழுக்கும், வழியில் போகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிப்பார். எங்கள் அம்மா அந்த வேலையையே விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனார்.

பழைய காலம் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். கழிப்பறை இல்லாத நாட்களில் பெண்கள் இருட்டுக்குக் காத்திருந்ததும் இதே மணலில்தான். இப்போது வீட்டுக்கு வீடு கழிப்பறை, காரை வீடு, தண்ணீர்க் குழாய் எல்லாம் வந்திருக்கிறது. அது பெரிய விஷயம்.

சுனாமி நாளையும் சொல்லவேண்டும். 26 டிசம்பர் 2004, ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சின்னப் பெண். கல்லில் மோதி தண்ணீர் எழும்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்தது, சாமான்கள் நனைந்தன, படகுகள் சேதமாயின. ஆனால் காரைக்காலிலும் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்திலும் நடந்ததைப் போல எங்கள் தெருவில் நடக்கவில்லை. கல்லை அதுவரை திட்டிக்கொண்டே இருந்த ஆயா, அன்று மாலை கல்லுக்குக் கற்பூரம் ஏற்றினார். மறுநாளிலிருந்து பழையபடி திட்டினார். அவர் இரண்டையும் மனதாரச் செய்தார்.

சோலைநகர் வாசி

எங்கள் அப்பா இரவு இரண்டு மணிக்கு எழுந்து சைக்கிளில் நகருக்குத் தெற்கே உள்ள தேங்காய்த்திட்டு துறைமுகம் போவார். படகு அங்கே, வீடு இங்கே. வாசலில் இருந்து மரம் தள்ளிய ஆள் அவர்.

மயிலம் பக்கம்

நாங்கள் உள்நாட்டுக்காரர்கள், கடல் எங்களுக்கு வருடத்தில் ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் மாசி மகம், அந்தக் கடல் வைத்திக்குப்பம்.

மயிலம் முருகன், தீவனூர் விநாயகர், திண்டிவனம் பெருமாள் என்று சுற்றுவட்டாரச் சாமிகள் நூற்றுக்கும் மேல் அன்றைக்கு வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வந்து சேரும். புதுவைக் கோயில்களின் சாமிகளும் வரிசையில் நிற்கும். விடியற்காலையிலேயே ஜனம் நிரம்பி, தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் தாத்தா காலத்தில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு முதல் நாளே வந்து மணலில் படுத்துக் கிடப்பார்களாம். சாமி மணலில் இறங்கி அலை வரைக்கும் போகும் என்பார்.

நான் சாமியோடு வந்த ஒரு வருடம், என் அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டத்தில் கல்லைத் தாண்டி இறங்க அவரால் முடியவில்லை. கடலைப் பார்த்து நின்றபடியே அழுதுகொண்டிருந்தார். அந்தத் தெருப் பெண் ஒருவர், முன்பின் தெரியாதவர், தன் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கல்லில் தாவித் தாவி இறங்கிப் போய்க் கடல் தண்ணீர் மொண்டு வந்தார். "குனிஞ்சுக்கம்மா" என்று சொல்லி அம்மா தலையில் ஊற்றினார். பிறகு உள்ளே அழைத்துப் போய் மோர் கொடுத்தார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட நேரம் இல்லை, சாமி கிளம்பிவிட்டது. இதை அவர் படித்தால், எங்கள் அம்மா ஒவ்வொரு மாசி மகத்துக்கும் உங்களை நினைத்துக்கொள்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள் அக்கா.

கடல் படிப்பு

கடல்சார் பொறியியல் மாணவனாகக் களப்பணிக்கு இந்தத் தெருவுக்கு வந்தவன் நான். மணல் எங்கே போனது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. பங்குனி சித்திரையிலிருந்து புரட்டாசி வரை அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும், அப்போது மணல் வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறித் தெற்கே நகரும். ஆனால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இப்படிப் போகிறது. வைத்திக்குப்பத்தில் கிடந்த மணல் வைத்திக்குப்பத்துக்குச் சொந்தமான மணல் அல்ல. தெற்கேயிருந்து வந்து, தங்கி, வடக்கே கிளம்புகிற மணல். வரவு இருந்தவரை கரையும் இருந்தது.

இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கப்பல் ஆழத்தில் நிற்கும், படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கும். 1866-இல் இரும்புத் தூண்கள் மேல் கடலுக்குள் நீளும் ஒரு பாலம் கட்டினார்கள். அது 1952 புயலில் போனது. பிறகு தெற்கே கட்டிய புதுப் பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. இந்த இரண்டு பாலங்களும் தூண்மேல் நின்றவை. மணல் அவற்றின் காலுக்கடியில் புகுந்து தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டியபோது கடலுக்குள் நீட்டிய கல் அலைத்தடுப்புகள் அப்படி அல்ல. அவை அடியோடு அடைத்து நிற்பவை. தெற்கேயிருந்து வந்த மணல் வீராம்பட்டினம் பக்கம் தேங்கியது. வடக்கே வரவு நின்றது, செலவு மட்டும் தொடர்ந்தது. நகரக் கடற்கரை காணாமல் போனது, அடுத்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். ஓரிடத்தில் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினால் அலையின் வேகம் அதன் வடக்கு முனையைத் தின்னும், அங்கேயும் கல் கொட்டவேண்டி வரும்.

தெற்கே சேர்கிற மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்க் கொட்டவேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து ஒழுங்காக நடக்கவில்லை. என் மனக்குறை இதுதான். தெரியாமல் நடந்த நாசம் இல்லை இது. மருந்தும் அன்றே எழுதப்பட்டிருந்தது.

நான் அளவுகோலும் நோட்டுமாக நின்றபோது, டீக்கடை நடத்துகிற அம்மா ஒருவர் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். மணல் நகர்வதைப் பற்றி என்றேன். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "வெயில் காலத்துல வடக்கே போவும், மழைக்குத் திரும்பும், போன அளவு திரும்பாது. பாலத்துக்குத் தெற்கால கல்லு கட்டினதுலேர்ந்து போறது போய்க்கினே இருக்குது, வர்றதுதான் இல்ல" என்றார். என் ஆய்வறிக்கையின் முதல் அத்தியாயம் முழுக்க அதைத்தான் சொல்கிறது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2018-இல் சென்னையிலுள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு பெரிய எஃகு அமைப்பை இறக்கியது. அலை அதன்மேல் ஏறி வலுவிழந்ததும், அதற்கும் காந்தி சிலைக்கும் இடையில் மணல் சேரத் தொடங்கியது. பல வருடம் கல்லையே பார்த்த ஊரில் பிள்ளைகள் மறுபடி மணலில் ஓடினார்கள். மணலுக்கு வழி விட்டால் அது வரும் என்பதற்குக் கண்முன் சாட்சி அது.

அம்மா சொல்ல மகன் எழுதியது

எங்கள் அம்மா மீன் விற்கிறவர். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"முன்னாடி வாசல்லயே ஏலம். எடுத்து, கழுவி, தலையில வச்சிக்கினு பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தே போயிடுவேன். இப்ப தேங்காய்த்திட்டுக்கு ஆட்டோ, அங்கேர்ந்து மார்க்கெட்டுக்கு ஆட்டோ. விக்கிறதுக்கு முன்னாடியே காசு போயிடுது. மீன்தடைக் காலம் அறுபத்தோரு நாளும் கடன்லதான் ஓடும். 'தானே' புயல் வந்த ராத்திரி எங்க கூரை பறந்து போச்சி, விடிஞ்சா கல்லு மேல எங்க ஊட்டு ஓலை கெடக்குது. இந்தத் தெருவ உட்டுப் போவச் சொல்லி யார் யாரோ கேட்டாங்க. கடலப் பாக்குற ரூம்பு கட்டி வாடகைக்கு உடலாமாம். நான் போவல. என் பிள்ளைங்க கடலுக்குப் போனா திரும்பி வர்றத நான் வாசல்ல நின்னு பாக்கணும்."

படகு இப்போது வாசலுக்கு வருவதில்லை என்றாலும், அப்பாவின் படகு வடக்கே போகும்போது தெருவுக்கு நேரே வந்ததும் கை காட்டுவார். அம்மா நின்றுதான் பார்ப்பார்.

பொம்மையார்பாளையம்

புதுவை எல்லையைத் தாண்டி, விழுப்புரம் மாவட்டத்துக்காரன் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன கதை உங்கள் தெருவோடு முடியவில்லை. உங்களிடம் கல் கொட்டி முடித்ததும் அரிப்பு சோதனைக்குப்பம் வந்தது. பிறகு தந்திராயன்குப்பம். அங்கே தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு போட்டார்கள், அங்கே மணல் சேர்ந்தது, இன்று சுற்றுலாக்காரர்கள் அலைச்சறுக்கு ஆடுகிறார்கள். அதற்கு வடக்கே சின்ன முதலியார்சாவடியும் நாங்களும் கரையை இழந்தோம். வீடுகள் சுவர் சுவராக விழுந்தன. தென்னை வேரோடு சாய்ந்தது.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் எங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்டபோது ஒரு முதியவர் எழுந்து, "நமக்குப் போட்டா பிள்ளைச்சாவடிக்கு என்னா ஆவும்?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. ஆனாலும் மனு எழுதினோம். வீடு விழுகிறவனுக்கு வேறு வழி இல்லை. தெற்கே தேங்குகிற மணலை எடுத்துவிடுங்கள் என்று எல்லா ஊரும் ஒரே குரலில் கேட்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஊர் ஊராகக் கல் கேட்டால், அடுத்த ஊரை நாமே கடலில் தள்ளுகிறோம்.

குருசுக்குப்பத்தான்

பொம்மையார்பாளையத்து அண்ணன் எழுதியதைப் பெரியவர்களிடம் படித்துக் காட்டினேன். எங்கள் பஞ்சாயத்தாரும் உங்கள் ஊருக்கு வந்து பேசவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தேதி முடிவானதும் இங்கே போடுகிறேன்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. துறைமுகக் கல் வேலை முடிந்த 1989-க்கு முன் எடுத்த படங்கள் வேண்டும். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், மாசி மகம், கரைவலை, எதுவாக இருந்தாலும் சரி, பின்னால் மணல் தெரிந்தால் போதும். வைத்திக்குப்பம் பேத்தி, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியை ஒருமுறை பாருங்கள் தங்கச்சி. கடல் படிப்பு தம்பி, அந்தப் படங்களை வைத்துக் கரை எங்கே இருந்தது என்று அளந்து சொல்ல முடியுமா?

படம் அனுப்புகிறவர்கள் எடுத்த வருடத்தையும், எந்த வீட்டுக்கு நேரே எடுத்தது என்பதையும் எழுதுங்கள். வீட்டு எண் மாறியிருந்தால் பழைய எண்ணே போதும், கண்டுபிடித்துவிடலாம்.